வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளை சொன்ன விடை சரியா, தவறா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த விடைக்கு அது எந்த வழியில் வந்தது என்று கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்தக் கருத்திலிருந்து பிறந்தவை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகுமா?

ஆகும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பட்டுப்புழு வளர்க்கும் ஒரு வீட்டிலிருந்து 48 கிலோ கூடு தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய், கிலோ 520 ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பெண் தாளையும் பேனாவையும் தேடுவதில்லை. ஐம்பது கிலோ என்றால் 26,000 ரூபாய், அதில் இரண்டு கிலோவுக்கான 1,040 ரூபாயைக் கழித்தால் 24,960 ரூபாய் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகிறார். இந்த வழியைத்தான் பாடநூல் பின்னர் பங்கீட்டுப் பண்பு என்ற பெயரில் கற்பிக்கிறது. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், செய்முறை தெரிந்திருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, நீங்கள் மனத்தில் போட்ட வழியை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு 520 × 48 என்பதைப் பள்ளியில் கற்ற முறைப்படி அது நோட்டில் போடட்டும். இரண்டு வழியும் ஒரே தொகையில் வந்து சேர்வதைப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கின்மேல் நம்பிக்கை பிறக்கும்.

விடையைச் சரிபார்க்கத் தெரியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். கழித்ததைக் கூட்டிப் பார்த்தும், வகுத்ததைப் பெருக்கிப் பார்த்தும் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ள முடியும். நீங்கள் கேட்க வேண்டியவை “எப்படிச் செய்தாய்?”, “ஏன் அப்படிச் செய்தாய்?” என்னும் இரண்டு கேள்விகள்தாம். விடை சரியாக இருக்கும்போதும் அவற்றைக் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி எழுந்தாலே தவறு செய்துவிட்டோம் என்று பிள்ளை அஞ்சத் தொடங்கிவிடும்.

என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்பதை வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மதிப்பெண் பட்டியல் இதைத் தெளிவாகக் காட்டுவதில்லை. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் வெளியிட்டுவரும் அசர் அறிக்கைக்காக, ஊர்ப்புறப் பிள்ளைகளிடம் எளிய கணக்குச் சோதனை ஒன்று வைக்கப்படுகிறது. ஓரிலக்க எண்களை அடையாளம் காண்பது, ஈரிலக்க எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் ஆகிய நான்கு படிகளைக் கொண்டது அது. அதே போக்கில் நீங்களும் 7, 64 ஆகிய எண்களைப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு 52 − 27, 612 ÷ 6 ஆகியவற்றைப் போடச் சொல்லுங்கள்.

விடைகளை உற்றுப் பாருங்கள். 52 − 27 என்பதற்கு 35 என்று எழுதினால், இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது என்று பொருள். பிள்ளைக்குக் கழிக்கத் தெரிகிறது. இட மதிப்பு விளங்கவில்லை. 612 ÷ 6 என்பதற்கு 12 என்று எழுதினால், நடுவில் வரவேண்டிய சுழியத்தை விட்டுவிட்டது. சரியான விடை 102. “பன்னிரண்டை ஆறால் பெருக்கினால் எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேளுங்கள். எழுபத்திரண்டு, அறுநூற்றுக்குப் பக்கத்தில்கூட வராது என்பதை அது தானே கண்டுபிடிக்கும்.

எந்தப் படியில் தடுக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித்தருவதில் எந்த இழிவும் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு பிரிக்காமல், கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

எந்த வயதில் தொடங்கலாம்? மூன்று வயதிலேயே நூறு வரை சொல்கிறாளே?

நூறு வரை சொல்வது பாட்டுப் பாடுவதற்கு நிகரானது; அது நல்லதுதான், ஆனால் அதுவே எண்ணுதல் ஆகாது. ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கீழே பரப்பி, எண்ணச் சொல்லிப் பாருங்கள். ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுகிறதா, எண்ணி முடித்த பிறகு “மொத்தம் எத்தனை?” என்றால் கடைசியாகச் சொன்ன எண்ணையே விடையாகச் சொல்கிறதா, கொட்டைகளைக் கலைத்து வேறு வரிசையில் வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்று அறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை கைவந்த பிறகு, பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். மூன்று குவியலும் நான்கு உதிரியும் சேர்ந்தால் 34 என்பதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு, பின்னால் வரும் இட மதிப்பு எளிதில் பிடிபடும். ‘முந்நூற்று ஐந்து’ என்று சொன்னால் 3005 என்று எழுதும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பதைவிட, நூறு ரூபாய்த் தாள் மூன்றும் ஒரு ரூபாய்க் காசு ஐந்தும் கையில் கொடுத்து, பத்து ரூபாய்த் தாள் எத்தனை இருக்கிறது என்று கேட்பது விரைவில் பலன் தரும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பிள்ளை படிப்பது ஆங்கில வழியில். எந்த மொழியில் கணக்குச் சொல்லித்தர வேண்டும்?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும், கிருஷ்ணகிரி நகரில் உருதும் வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். என் விடை எல்லாருக்கும் ஒன்றுதான்: விளக்கம் வீட்டு மொழியில் இருக்கட்டும், கலைச்சொற்கள் பள்ளி மொழியிலும் தெரிந்திருக்கட்டும். “ஏன்?” என்ற கேள்விக்குப் பிள்ளை தனக்கு நன்றாக வரும் மொழியில்தான் சிந்தித்து விடை சொல்ல முடியும். அந்த மொழியைத் தடுத்தால் சிந்தனையும் நின்றுவிடும்.

எண்ணுப்பெயர்களில் ஒவ்வொரு மொழியிலும் சில இடறல்கள் உண்டு. ஆங்கிலத்தில் ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பதால் 13க்குப் பதில் 30 என்று எழுதிவிடுவார்கள். தமிழிலோ எண்பத்தொன்பதற்குப் பிறகு வரும் தொண்ணூற்றில் ‘நூறு’ ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. இந்த இடங்களில் பிள்ளை தடுமாறினால் அது கணக்குத் தெரியாமை அன்று. எண்ணை எழுதிக் காட்டிவிட்டு மேலே போகலாம்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டுமா?

வேண்டாம். விரல் தேவைப்படும் வரை இருக்கட்டும். 8 + 5 என்பதை ஒன்றிலிருந்து எண்ணாமல் எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே எண்ணக் கற்றுக்கொடுங்கள். அடுத்து, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கினால் மீதி மூன்று என்று காட்டுங்கள். பத்தாக்கும் வழி பழகியதும் விரல்கள் தாமாகவே மடங்கிவிடும்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு வகுத்தல், பின்னம், மீ.சி.ம., இயற்கணிதம் எல்லாமே இரட்டைச் சுமையாகிவிடும். ஆனால் மனப்பாடம் எப்படிச் செய்வது என்பதில் பல வீடுகள் பிள்ளையை வீணாக வருத்துகின்றன என்றே நினைக்கிறேன்.

ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாட்டில் நூறு பெருக்கல்கள் இருப்பதாகத் தோன்றும். 3 × 7, 7 × 3 இரண்டும் ஒன்றே என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், அந்த நூறு 55 ஆகக் குறைகிறது. அவற்றில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் பெருக்கல்கள் எளிதில் வந்துவிடும். அவற்றை நீக்கினால் எஞ்சுவது 21 மட்டுமே. இந்த 21ஐயும் ஓர் அட்டையில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு மூன்று என்று எடுத்துக்கொண்டால் ஏழு வாரங்களில் முடிந்துவிடும். இருபதாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கவைத்துப் பிள்ளையை அழவைப்பதைவிட, இந்த இருபத்தொன்றை எந்த வரிசையில் கேட்டாலும் சொல்லும்படி ஆக்குவதே மேல்.

மறந்துபோனால் மீண்டு வருவதற்கு ஒரு வழியும் வேண்டும். 7 × 8 நினைவுக்கு வரவில்லை என்றால், 7 × 4 = 28, அதன் இரு மடங்கு 56. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு, பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் போதும்: 9 × 6 என்பது 60 − 6, அதாவது 54. வரிசையாக மட்டுமே ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் தொடக்கத்திலிருந்து மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டு வரும். ஆகவே நேராகச் சொல்ல வந்ததும், இடையில் நுழைந்தும் பின்னாலிருந்தும் கேளுங்கள். “எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 36 வரும்?” என்று கேட்பது இன்னும் நல்லது, அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு, வகுத்தலுக்கும் அதுவே முன்பயிற்சி.

நாங்கள் படித்த ‘கடன் வாங்கும்’ முறையும் இப்போது பள்ளியில் சொல்லித்தருவதும் வேறாக இருக்கின்றன. எதைச் சொல்லித்தருவது?

அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான். நாம் ‘கடன் வாங்குதல்’ என்றதை இன்றைய பாடநூல் ‘இனமாற்றம்’ என்கிறது: ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறோம், அவ்வளவுதான். கடன் என்று சொல்லும்போது, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாமா என்று சில பிள்ளைகள் உண்மையாகவே குழம்புகின்றன. அதனால் சில்லறை மாற்றுவதாகச் சொல்வதே பொருத்தம். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ஒற்றை ரூபாய்களாக மாற்றினால், கையில் இருக்கும் பணம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பள்ளியில் ஆணிமணிச்சட்டத்தில், அதாவது ஆணிகளில் மணிகளைக் கோத்து எண்ணைக் காட்டும் சட்டத்தில், செய்வதும் இதைத்தான்.

ஆனால் சுழியங்கள் நிறைந்த கழித்தலில், கடைக்காரர்கள் மீதிச் சில்லறை தரும் முறையைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள் என்பேன். 287 ரூபாய்ச் சாமானுக்கு 500 ரூபாய் கொடுக்கிறோம். கடைக்காரர் 287ஓடு மூன்றைச் சேர்த்து 290, பத்தைச் சேர்த்து 300, இருநூறைச் சேர்த்து 500 என்று ஏறிப்போகிறார், மீதி 213. எழுத்து முறையில் இரண்டு சுழியங்களைத் தாண்டி மாற்ற வேண்டிய இடத்தில், இந்த வழியில் தவறு நேர்வது அரிது. தேர்வுத் தாளில் பள்ளி கேட்கும் முறையில் எழுதட்டும். ஏறிப்போகும் முறையில் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பின்னம் வந்ததும் பிள்ளை கணக்கையே வெறுக்கிறது. என்ன செய்வது?

பின்னத்தில் தடுமாறும் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் பிற்காலத்தில் கணக்கை விட்டு விலகுகிறார்கள் என்பது என் அனுபவம். ஆகவே இந்தப் பாடத்தில் அவசரப்படாதீர்கள்.

முதல் தடுமாற்றம் அளவைப் பற்றியது. எட்டு நான்கைவிடப் பெரியது, அதனால் 1/8 என்பது 1/4ஐவிடப் பெரியது என்று பிள்ளை நினைக்கும். இங்கே நம் வீட்டுப் பெரியவர்களின் சொற்கள் கைகொடுக்கின்றன. கால், அரை, முக்கால் என்பவை எல்லாருக்கும் தெரியும். 1/8க்கு அரைக்கால் என்றும், 1/16க்கு வீசம் என்றும் வயதானவர்கள் சொல்வார்கள். காலில் அரை என்பதே அரைக்கால்; சொல்லிலேயே அது காலைவிடச் சிறியது என்ற செய்தியும், 1/2 × 1/4 = 1/8 என்ற பெருக்கலும் அடங்கியிருக்கின்றன. ஒரு தாளை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, மூன்றாம் முறையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும். அவற்றில் வண்ணம் தீட்டிப் பார்க்கட்டும்.

இரண்டாவது தடுமாற்றம், மேலே இருக்கும் எண்களைத் தனியாகவும் கீழே இருக்கும் எண்களைத் தனியாகவும் கூட்டுவது. 1/2 + 1/4 என்பதற்கு 2/6 என்று எழுதும். “தவறு, பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்கு” என்று விதியைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அதே தவறு திரும்பி வரும். அதற்கு மாறாக, அரைக் கிலோ வெல்லத்தோடு கால் கிலோ வெல்லத்தைச் சேர்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். முக்கால் கிலோ என்று உடனே சொல்லும். “நீ எழுதிய 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு, அது அரையைவிடவே குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா?” இந்த முரண்பாட்டைத் தானே உணர்ந்த பிள்ளைக்கு, அரையை இரண்டு கால்களாகப் பார்க்க வேண்டும் என்பது விதியாகத் தோன்றாமல் தேவையாகவே தோன்றும். பகுதியைச் சமமாக்குவது அதன் பிறகு வரும் வேலை.

தசம எண்களுக்கு வீட்டில் என்ன எடுத்துக்காட்டு இருக்கிறது?

செய்தித்தாளில் அன்றாடம் வரும் அணை நீர்மட்டம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள கே.ஆர்.பி. அணையின் முழு உயரம் 52 அடி; ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு 44.28 அடி. நேற்று 41.66 அடியாக இருந்த நீர்மட்டம் இன்று 41.8 அடி என்று வைத்துக்கொண்டு, நீர் ஏறியதா இறங்கியதா என்று கேளுங்கள். 66 எட்டைவிடப் பெரியது, ஆகவே இறங்கிவிட்டது என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். 41.8 என்பதை 41.80 என்று எழுதிக் காட்டி, 0.14 அடி ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கச் செய்யுங்கள். அரை அடியைத் தசமத்தில் 0.5 என்று எழுதுகிறோம். ஆனால் அது ஐந்து அங்குலம் அன்று, ஆறு அங்குலம்.

இதே குழப்பம் நேரக் கணக்கிலும் வரும். 9.45 மணிக்குத் தருமபுரியில் ஏறி 11.10 மணிக்கு இறங்கினால் பயண நேரம் எவ்வளவு என்றால், 11.10இலிருந்து 9.45ஐக் கழித்து 1.65 என்று எழுதுவார்கள். பத்து மணிக்குப் 15 நிமிடம், அங்கிருந்து பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம், பிறகு பத்து நிமிடம் என்று ஏறிப்போகும் முறைதான் இங்கும் பாதுகாப்பானது: ஒரு மணி 25 நிமிடம்.

கணக்கை எண்ணாகக் கொடுத்தால் போடுகிறான். வாழ்க்கைக் கணக்காகக் கொடுத்தால் விழிக்கிறான். ஏன்?

பெரும்பாலும் அவன் கணக்கைப் படிப்பதில்லை; அதிலுள்ள எண்களையும் ஒரு சொல்லையும் மட்டும் பொறுக்கிக்கொள்கிறான். ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி, ‘அதிகம்’ என்றால் கூட்டு என்று யாரோ குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: “ராயக்கோட்டைச் சந்தையில் அண்ணன் 18 கூடை தக்காளி விற்றார். அது தம்பி விற்றதைவிட 5 கூடை அதிகம். தம்பி விற்றது எத்தனை கூடை?” ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் 23 என்று எழுதுவான், சரியான விடை 13.

இதற்கு மருந்து, எண்களை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் அவன் வாயால் சொல்லவைப்பது. யார் அதிகம் விற்றார்? யாருடைய கூடையை நாம் கண்டுபிடிக்க வேண்டும்? இரண்டு கோடுகள் வரைந்து, எது நீளம், எது குட்டை என்று குறிக்கட்டும். அதன் பிறகுதான் எண்கள். சில நாள் கழித்து வேலையைத் திருப்பிக் கொடுங்கள்: “18 − 5 வரும்படி நீயே ஒரு கணக்குச் சொல், அதில் ‘மீதி’ என்ற சொல் வரக் கூடாது.” கணக்கை உருவாக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைப் போடவும் தெரியும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தொடக்க வகுப்புகளுக்கு இருபது நிமிடம், நடுநிலை வகுப்புகளுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைப்பது பயன் தருவதில்லை. ஒரே வகைக் கணக்கை இருபது போடுவதைவிட, கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் கலந்த ஆறு கணக்குகள் நல்லவை.

சொல்லித்தரும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அவளும் அழுகிறாள்.

அந்த நேரத்தில் நோட்டை மூடிவிடுங்கள். பயந்த பிள்ளையால் இரண்டு எண்களை மனத்தில் நிறுத்திவைக்கக்கூட முடியாது. ஆகவே அடித்துச் சொல்லித்தருவது முறையன்று என்பதோடு, கற்பித்தலாகவும் அது பயனற்றது. கணக்கில் தவறுகள் பெரும்பாலும் காரணத்தோடுதான் வருகின்றன. 35 என்று எழுதிய பிள்ளைக்கும் 2/6 என்று எழுதிய பிள்ளைக்கும் ஏதோ ஒரு விதி மனத்தில் இருந்தது. அந்த விதியைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை என்று எண்ணிக்கொண்டால் கோபம் வருவதற்கு இடம் குறையும். தவறிய கணக்கை அழிப்பானால் அழிக்கவிடாதீர்கள். பக்கத்திலேயே சரியானதை எழுதட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பேசலாம்.

பெண்பிள்ளைதானே, கணக்கு இவ்வளவு போதும் என்கிறார்கள் வீட்டில்.

போதாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பாடப்பிரிவு கிடைக்கும், அதற்கடுத்து எந்தப் படிப்பு, எந்த வேலை என்பதையெல்லாம் கணக்குதான் பெருமளவு தீர்மானிக்கிறது. படிப்பு நின்றுபோய் இளவயதிலேயே திருமணம் நடக்கும் வீடுகளை நம் மாவட்டங்களில் இன்னமும் பார்க்கிறோம். அதனால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பெண்ணுக்குக் கணக்கு வராது என்று அவள் காதுபட யாரும் பேச அனுமதிக்காதீர்கள். மார்கழி வாசலில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வைத்துக் கோலம் போடும் சிறுமி, மொத்தம் 25 புள்ளிகள் வைக்கிறாள். நடுவரிசை வரை கூட்டினால் 16, அதாவது 4 × 4. மீதி 9, அதாவது 3 × 3. தொடர்ச்சியான ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்ற உண்மை அவள் வாசலிலேயே இருக்கிறது. அதை அவளிடம் கேட்டுக் கண்டுபிடிக்கவையுங்கள்.

நாங்கள் பெங்களூரில் வேலை செய்கிறோம். பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பாட்டியிடம் பாடநூலைக் கொடுக்க வேண்டாம், பல்லாங்குழியைக் கொடுங்கள். பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாகப் போட்டால் 70 காய்கள். இந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே பார்ப்பது நல்ல மனக்கணக்கு. தாயத்தில் எத்தனை விழுந்தால் எதிராளியின் காயை வெட்டலாம் என்று யோசிப்பதும் அப்படியே. நீங்கள் இரவில் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டதோடு நிறுத்தாமல், இன்று பள்ளியில் போட்ட ஒரு கணக்கை வாயால் விளக்கச் சொல்லுங்கள். நோட்டைப் பார்க்க முடியாத உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதாலேயே அது தெளிவாக யோசிக்கும்.

அபாகஸ் வகுப்பு, டியூஷன், செல்பேசிச் செயலி இவை தேவையா?

அபாகஸ் கணக்கிடும் வேகத்தைக் கூட்டும். பின்னத்தையோ வாழ்க்கைக் கணக்கையோ அது விளக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டைச் செல்பேசியில் படித்தால் பாடத்துக்குரிய காணொளிகள் கிடைக்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. காணொளியைப் பாதியில் நிறுத்தி “அடுத்து என்ன வரும்?” என்று கேட்க, பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புக்கு மேல் பாடம் எனக்கே புரியவில்லை. அதற்குப் பிறகு என் வேலை என்ன?

தோராயமாக மதிப்பிடும் பழக்கத்தைக் காப்பாற்றுவது. ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு 8,000 கன அடி நீர் வருகிறது என்று செய்தியில் வந்தால், அது எவ்வளவு என்று வீட்டில் பேசுங்கள். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். ஆகவே வினாடிக்குச் சுமார் 2,24,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் பிடித்தால் ஒரு வினாடிக்குப் பதினெட்டு லாரிகளுக்கு மேல் நிரம்பும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள். நாள் முழுவதும் ஒரே சீராக வினாடிக்கு எவ்வளவு வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 11,574 கன அடி என்ற விடை வரும்.

நில அளவையும் இந்த வயதுக்கு ஏற்றது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 30 × 40 மனை 1,200 சதுர அடி, அதாவது சுமார் 2.75 சென்ட். அதே 1,200 சதுர அடி 20 × 60 ஆக இருந்தால் பரப்பு மாறாது. சுற்றுச்சுவரோ 140 அடியிலிருந்து 160 அடியாகக் கூடிவிடும். பரப்பளவையும் சுற்றளவையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் எழுதும் உதவித்தொகைத் தேர்வுக்கு வீட்டில் எப்படித் தயார் செய்வது?

என்.எம்.எம்.எஸ். எனப்படும் இந்தத் தேர்வை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்ச்சி பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. ஏழாம் வகுப்பிலிருந்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள். பாடங்களிலிருந்து கேட்கும் தாளில் கணக்குக்கு 20 வினாக்கள். மனத்திறன் தாளில் எண் தொடர், ஒப்புமை, உருவங்களின் வரிசை போன்றவை வரும்.

பாடப்பகுதியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்; மனத்திறன் பகுதிக்கு வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு எண் தொடர்கள் போதும். 2, 6, 12, 20, 30 என்று எழுதி அடுத்த எண்ணைக் கேளுங்கள். வேறுபாடு 4, 6, 8, 10 என்று வளர்வதால் 42 என்று ஒரு பிள்ளை சொல்லும்; 1 × 2, 2 × 3, 3 × 4 என்று போவதால் 6 × 7 = 42 என்று இன்னொரு பிள்ளை சொல்லும். ஒரு வழியைக் கண்டதும் நிறுத்திவிடாமல் மற்றதையும் தேடச் சொல்லுங்கள். அதன் பிறகு, தானே ஒரு தொடரை உருவாக்கி உங்களிடம் கேட்கட்டும். உங்களுக்கு விடை வராவிட்டால் அதுவே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.